‘கவுத்து’ என்று யாரிடம் சொன்னாள்?

முதல்வர் அறையில் அன்று மத்தியானம் ஆறு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், முதுகில் துண்டு விரித்த சுழல் நாற்காலியில் முதல்வர் குருமூர்த்தி. அவருக்கு வலப்பக்கம் தேர்வறைக் கண்காணிப்பாளர் சக்கரபாணி. சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர், மடியில் காக்கி உறையை வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். இடப்பக்கம் கம்ப்யூட்டருக்கு முன்னால் தேர்வுப் பிரிவு எழுத்தர் பெரியநாயகி. எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றின் நுனியில் யுவஸ்ரீயின் அம்மா சிந்தாமணி, பொம்மைக் கம்பெனியில் பாதி வேலையில் எழுந்து வந்தவள், முழங்கைவரை வெள்ளைக் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. கதவோரப் பெஞ்சில் யுவஸ்ரீயோடு முதலாமாண்டு படிக்கும் மணிபாரதி. இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி யுவஸ்ரீக்காகப் போட்டதுதான். ஆனால் உட்காரு என்று ஒருவரும் சொல்லாததால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

பிடித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. விட்டால் கை சும்மா இருக்காது.

காலையில் கணக்குப் பரீட்சை. பரீட்சை முடிய அரை மணி இருக்கும்போது சக்கரபாணி அவள் பேப்பரையும், பின்னால் உட்கார்ந்திருந்த மணிபாரதியின் பேப்பரையும் பிடுங்கிக்கொண்டார். காப்பி அடித்த கேஸ் என்றால் அன்றைய தபாலிலேயே சென்னைக்குப் போயாக வேண்டும். போய், அங்கே உண்மை என்று முடிவானால், இந்தப் பருவத்தில் எழுதிய எல்லாப் பேப்பரும் ரத்து. யுவஸ்ரீயின் அப்பா பழமலைநாதன் அவளைப் பீங்கான் டிப்ளமோவில் சேர்க்கும்போதே ஒன்று சொல்லியிருந்தார். “ஒரு வருஷம் வீணாப் போச்சுன்னா அதோட நிறுத்திக்கலாம். மங்களூர்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க, நானும் எத்தினி நாளைக்குப் பதில் சொல்றது?” திட்டக்குடிப் பக்கத்து மங்களூர்க்காரர்கள் கேட்டது பெண். அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அது மறக்கவே இல்லை.

“படிக்கிறேன், கேட்டுக்கோம்மா,” என்று முதல்வர் அறிக்கையை எடுத்தார். “‘மேற்படி மாணவி தனது இடது உள்ளங்கையைப் பலமுறை நிமிர்த்தியும் கவிழ்த்தும் சைகை செய்தார். உடன், ‘கவுத்து, கவுத்து’ என்று தணிந்த குரலில் கூறினார். உடனே பின்னால் அமர்ந்திருந்த மாணவர் தமது விடைத்தாளைக் கவிழ்த்தார்.’ இதான் சார் எழுதியிருக்காரு. இல்லங்கிறியா?”

இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வரியும் நடந்ததுதான். கையைப் புரட்டினாள். கவுத்து என்று சொன்னாள். மணிபாரதி தாளைத் திருப்பினான், அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டினால் திருட்டு ஆகிறது.

“நடந்தது சார். ஆனா அது சைகை இல்ல சார். அது கணக்கு.”

“கணக்கா?”

“இப்ப சார், இந்தப் பக்கம் இருக்குது, அது அந்தப் பக்கம் போவுதுன்னா...” நாற்காலியை விட்டு இரண்டு கையும் தானாக எழும்பின. இடது கை நிமிர்ந்து, நடுவில் இல்லாத ஒரு சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்க் குப்புறக் கவிழ்ந்தது.

“பாத்தீங்களா? இதேதான். இதேதான் சார் அங்கயும் செஞ்சது,” என்று சக்கரபாணி நிமிர்ந்தார்.

“கையைக் கீழ போடும்மா. வாயால சொல்லு,” என்றார் முதல்வர்.

கையைக் கீழே போட்டாள். வாயில் இருந்ததும் கூடவே கீழே போயிற்று. “அது வந்து சார்... ப்ளஸ்ஸு சார்... அந்தாண்ட போறப்ப...” என்று இழுத்தாள்.

சிந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. “வூட்லயும் இப்பிடித்தான் சார். சோறு துன்னும்போதுகூட காத்துல என்னாத்தயோ எழுதுவா. நான்கூட எதுனா காத்துக் கருப்பான்னு கொளஞ்சியப்பர் கோயிலுக்கு இட்டுக்கினு போனேன்.”

“அம்மா!”

“உள்ளதத்தான்டி சொல்றேன். உன்னைத் திருடின்றாரு, பைத்தியம்னு ஆனாலும் பரவால்லன்னு பாக்குறேன்.”

மணிபாரதி கதவோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டான். முதல்வர் முறைத்ததும் கையை எடுத்து மடியில் வைத்தான்.

சக்கரபாணி சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் யுவஸ்ரீயை அதிகமாகப் பயமுறுத்தியது. நிதானமாக, ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி, “சார், ஒண்ணு பண்ணலாம். கணக்கு தெரிஞ்ச பொண்ணுன்னா கையைக் கட்டிப்போட்டாலும் கணக்கு வரணும் இல்லையா? எதுனா சின்னதாக் கொடுத்துப் பாருங்க,” என்றார்.

முதல்வர் ஒரு தாளில் எழுதி நீட்டினார். நாலு எக்ஸ் மைனஸ் ஒன்பது, ஈக்குவல் டு, பதினஞ்சு மைனஸ் ரெண்டு எக்ஸ். “எட்டாங்கிளாஸ் கணக்கும்மா. உக்காரு. கை ரெண்டும் தொடைக்கு அடியில. மனசுல போட்டு விடை மட்டும் சொல்லு.”

உட்கார்ந்தாள். உள்ளங்கைகளை நாற்காலிக்கும் தொடைக்கும் நடுவில் கொடுத்தாள். தாள் மேசையில் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது.

ரெண்டு எக்ஸை இந்தப் பக்கம் கொண்டுவரணும். கொண்டுவர எதால் தூக்குவது? மனசுக்குள் எழுத்துகள் எழுத்துகளாகவே நின்றன. ஒன்றையும் தொட முடியவில்லை. விரல்கள் தொடைக்கு அடியில் துடித்தன. இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். அம்மா மூச்சு விடுவது கேட்டது. சக்கரபாணியின் கைக்கடிகாரம் கேட்டது. சீக்கிரம் சொல்லிவிட வேண்டும், லேட்டானால் தெரியாது என்று நினைப்பார்கள். நாலில் ரெண்டு போனால் ரெண்டு. பதினஞ்சில் ஒன்பது போனால் ஆறு.

“மூணு சார்.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சக்கரபாணி காக்கி உறையை மடியில் நேராக்கினார். அந்த நேராக்கலில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தப்பு. எட்டாங்கிளாஸ் கணக்கு தப்பு. மங்களூர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீர் டேங்க்கூடத் தெரிந்தது.

“சரி, தபால்ல போறதோட வெப்சைட்லயும் கேஸைப் பதிவு பண்ணிடலாம்,” என்றார் முதல்வர். “பெரியநாயகிம்மா, அந்தத் தேர்வு வாரிய வெப்சைட்டைத் திறங்க.”

“கம்ப்யூட்டர் தொங்கிடுச்சு சார். காலையிலேர்ந்து சுத்திக்கினே இருக்குது.”

“பாஸ்வேர்டு சொல்லுங்க. நான் போன்ல திறக்கறேன்.”

பெரியநாயகி வாயைத் திறந்தாள். மூடினாள். “சார்... அது... பெரிய எழுத்துல ஒரு வி...” மேலே பார்த்தாள். கண்ணை மூடினாள். “இருங்க சார். கையில இருக்குது, வாயில வரமாட்டேங்குது.” அப்புறம் மேசை விளிம்பில், விசைப்பலகையே இல்லாத இடத்தில், பத்து விரலும் ஒரு தட்டுத் தட்டின. நின்றன. இன்னொரு முறை, மெதுவாக, ஒவ்வொரு விரல் விழும்போதும் குனிந்து அந்த விரலையே பார்த்து, “வி... டி... எம்... அப்புறம் இந்த மோதிர விரல்ல என்னா வரும்... ஒண்ணு, ஒன்பது... சாருக்கு வருதா?” என்றாள்.

“மேடம் பியானோ வாசிக்கிறாங்கடா,” என்று மணிபாரதி தனக்குள் முனகியது எல்லாருக்கும் கேட்டது. அவனுக்கே அது கேட்டதும் முகம் செத்துவிட்டது.

ஆனால் முதல்வர் அவனைப் பார்க்கவில்லை. பெரியநாயகியின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பாதி அடித்த பாஸ்வேர்டு அப்படியே நின்றது. அங்கிருந்து அவர் கண் யுவஸ்ரீயின் தொடைக்கு வந்தது. சுடிதாருக்கு வெளியே மணிக்கட்டு மட்டும் தெரிந்தது, ரத்தம் கட்டிச் சிவந்து.

“கையை எடும்மா,” என்றார். “அதே கணக்குதான். எப்பிடிப் போடுவியோ அப்பிடிப் போடு.”

எடுத்தாள். மரத்துப் போயிருந்தது. உதறிக்கொண்டாள். இடது உள்ளங்கையை நிமிர்த்தி வலப்பக்கம் நீட்டி, ரெண்டு எக்ஸை அள்ளினாள், நடுச்சுவரைத் தாண்டிக் கொண்டுவந்தாள். “கவுத்து.” மைனஸ் ப்ளஸ் ஆயிற்று. வலது கை ஒன்பதை எடுத்து அந்தாண்டை கொண்டுபோயிற்று. “கவுத்து.” ஆறு எக்ஸ் இங்கே, இருபத்து நாலு அங்கே. இரண்டு கையும் ஒரே உயரத்தில் நின்றன.

“நாலு சார்.”

சிந்தாமணி சட்டென்று நிமிர்ந்தாள். “எம்மாடி, இதா? இத எங்கிட்ட இருந்துல்ல தூக்கியிருக்கா!”

“என்னம்மா?”

“அச்சு சார். தண்ணியாக் கரைச்ச களிமண்ண பொம்மை அச்சுல ஊத்தி மேசையில நிமித்தி வெச்சிருப்போம். ஓரம் புடிச்சதும் தூக்கி அந்தாண்ட பலகையில வெப்போம், நடுவுல மிச்சம் வடியணும்ல. மேசையிலேர்ந்து பலகைக்குப் போச்சுன்னா கவுத்துத்தான் வெக்கணும். புதுப் பொண்ணுங்க மறந்து நிமித்தி வெச்சிடுங்க, மேஸ்திரி கத்துவாரு, கவுத்து, கவுத்துன்னு. இவ சின்னதுல அங்கதான கெடப்பா.”

சக்கரபாணி முன்னால் சாய்ந்தார். “எங்க பக்கத்துல கவுத்துன்னா ஆளைக் கவுக்கிறது. இல்லன்னா தாளைக் கவுக்கிறது. நான் தாளைத்தான் சொல்றாள்னு எடுத்துக்கிட்டேன்.” யுவஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். அவர் தொடர்ந்தார்: “இப்பவும் சார், கணக்கு வருதுங்கிறது வேற, காப்பி கொடுக்கலங்கிறது வேற. பொண்ணு போட்டது எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்குது. ஆனா அவ சொன்னா, அவன் கவுத்தான். கண்ணால பாத்தத எழுதினேன். அத அடிக்க மாட்டேன்.”

“அடிக்க முடியாதுதான்,” என்றார் முதல்வர். “கேஸைப் பதிவு பண்ணித்தான் ஆகணும், ரிப்போர்ட்டும் போகும். ஆனா மாணவியோட விளக்கமும் கூடப் போகலாம். ரூல்ல இருக்குது. யுவஸ்ரீ, வெளிய உக்காந்து எழுதிக் கொண்டா. நாலு மணிக்குத் தபால் கட்டிடுவாங்க. அங்க படிக்கிறவங்களுக்கு உன் கை தெரியாது, அத ஞாபகம் வெச்சு எழுது.”

வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா தள்ளி நின்று கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் தாளில் ‘பெறுநர்’ போட்டாள், ‘பொருள்’ போட்டாள். அதோடு நின்றது. ‘என் கை இந்தப் பக்கத்திலிருந்து’ என்று எழுதினாள். எந்தப் பக்கம்? சென்னையில் படிப்பவருக்கு எது இந்தப் பக்கம்? அடித்தாள். ‘சமன்பாட்டின் உறுப்பை இடம் மாற்றும்போது’ என்று புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதினாள். அது புத்தகத்தைப் பார்த்து எழுதியது மாதிரியே இருந்தது, காப்பி அடித்தவள் எழுதுவது மாதிரி. அதையும் அடித்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறை கையால் செய்து பார்த்தாள். செய்ததை அப்படியே, ஒன்றன்பின் ஒன்றாக, வார்த்தையில் வைத்தாள். ஒரு வரி வந்தது. மறுபடியும் கை. மறுபடியும் வரி.

மணிபாரதி வந்து பெஞ்சின் அந்த நுனியில் உட்கார்ந்தான். திட்டக்குடியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவன், எப்போதும் ஏதாவது கிண்டல் இருக்கும் வாயில். இப்போது இல்லை.

“யுவா. ஒண்ணு சொல்லணும். கத்தாத.”

“என்னா?”

“நீ கவுத்துன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு.”

“சாருக்கே கேட்டிருக்குது. உனக்குக் கேக்காதா?”

“அதில்ல. நீதான மாடிப்படியில உக்காந்து எனக்கும் சொல்லிக் கொடுத்த, அந்தாண்ட போனா கவுத்துன்னு. அது காதுல விழுந்ததும் பக்குனு ஆச்சு. முன்பக்கத்துல ஒரு கணக்குல குறி மாத்தாம விட்டுட்டேன். அதப் பாக்கத்தான் தாளைத் திருப்பினேன்.”

யுவஸ்ரீயின் பேனா நின்றது. “திருத்தினியா?”

“திருத்திட்டேன். அப்புறம்தான் சார் புடுங்கினாரு.”

அப்படியானால் சக்கரபாணி பார்த்தது பொய்யே இல்லை. அவள் சொன்னாள், அவன் கவுத்தான். அவர் எழுதாதது நடுவில் இருக்கிற காரணம் மட்டும்தான், அது இவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

“நீ என்னா எழுதுற?” என்றான். “எழுதிக்கிட்டிருந்த பக்கம் முடிஞ்சிடுச்சு, அதனால திருப்பினான்னு எழுதிடேன். ஒத்த வரி. யாருக்குத் தெரியப்போவுது?”

தெரியாதுதான். ஒத்த வரிதான். அந்த ஒத்த வரி இருந்தால் மூன்று நடப்பும் மூன்றாகப் பிரிந்து, கயிறு அறுந்து போய்விடும். அவள் இடது கை மடியில் நிமிர்ந்து கிடந்தது. அந்தப் பொய்யை எழுதினால் அதைக் காப்பாற்ற மேலும் ஒன்றைக் கவிழ்க்க வேண்டும் என்று தோன்றியது, அதற்கு அவளிடம் பலகை இல்லை.

“நீ ஏன் திருப்பினன்னு பரீட்சையில எனக்குத் தெரியாது, இப்ப நீ சொல்லித்தான் தெரியும்,” என்றாள். “உன்னைப் பத்தி நான் ஒண்ணும் எழுதல. பொய்யும் எழுத மாட்டேன், போட்டும் கொடுக்க மாட்டேன். நான் வாய்விட்டுச் சொன்னத மட்டும் எழுதுவேன். அது யார் காதுல விழுந்துச்சோ அவங்க எழுதிக்கட்டும்.”

“நல்லாக் கவுத்த,” என்றான். சிரிக்க வந்து, சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்தது. அதன் நடுப்பகுதி இது:

‘ஐயா, எண்ணை ஒரு புறத்திலிருந்து மறுபுறம் மாற்றும்போது எனது கையை நிமிர்த்தி வைத்துத் தூக்கி, கவிழ்த்து இறக்குவேன். எங்கள் ஊரில் பொம்மை அச்சை மேசையிலிருந்து வடிபலகைக்கு மாற்றுவது இப்படித்தான். கையை அசைக்காமல் போட்டால் எனக்குக் குறி தவறுகிறது. இன்று முதல்வர் அறையில் ஒரு முறை தவறியது. கையோடு போட்டபோது சரியாக வந்தது. கை யாருக்கும் காட்டியது அல்ல. ஆனால் ‘கவுத்து’ என்று வாய்விட்டுச் சொன்னேன். தேர்வறையில் அது கூடாது. அது பிறர் காதில் விழுந்திருந்தால் அந்தத் தவறு என்னுடையது.’

உள்ளே கொண்டுபோனபோது மணிபாரதி ஏற்கெனவே முதல்வர் மேசை முன்னால் நின்றிருந்தான். அவன் கையிலும் ஒரு தாள். இரண்டே வரி. ‘கேட்டதும் குறியைத் திருத்தினேன்’ என்பது யுவஸ்ரீயின் கண்ணில் பட்டது. படித்த முதல்வரின் புருவம் ஏறியதையும், தாள் சக்கரபாணிக்குப் போனதையும் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை, இப்போதும் தோன்றவில்லை.

சக்கரபாணி இரண்டையும் படித்தார். அவளுடையதைப் படிக்கும்போது காக்கி உறை மேல் இருந்த அவர் இடது கை மெல்ல நிமிர்ந்தது, சற்று நகர்ந்தது, கவிழ்ந்தது. அவருக்கே அது தெரிந்ததாகத் தெரியவில்லை. சிந்தாமணி பார்த்துவிட்டு மகளை முழங்கையால் இடித்தாள். யுவஸ்ரீ அசையவில்லை.

“உன் கை எங்க இருந்துச்சு? நான் ரிப்போர்ட்ல எழுதல,” என்றார் சக்கரபாணி.

“வயித்துக்கு முன்னால சார். டெஸ்க்கு ஓரத்துல.”

“ஆமா. நான் எதிர்ல நின்னேன். பின்னால உக்காந்தவனுக்குத் தெரிஞ்சிருக்காது.” பேனாவை எடுத்தார். “அடிக்க மாட்டேன்னு சொன்னேன், சேக்க மாட்டேன்னு சொல்லல.” தன் அறிக்கையின் அடியில், எங்கே நின்றார், கை எங்கே இருந்தது, பின்னால் இருந்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொல்லைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது அப்படியே நின்றது.

“என்னா சார் ஆவும்?” என்று சிந்தாமணி கேட்டாள்.

“அவங்க முடிவு பண்ணுவாங்கம்மா. ஒரு மாசம் ஆவலாம். நான் சும்மா ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் மாத்த முடியாது பாருங்க,” என்றார் முதல்வர்.

“இவங்கப்பாகிட்ட என்னான்னு சொல்றது சார்?”

“கடிதம் போயிருக்குதுன்னு சொல்லுங்க,” என்றார் அவர்.

பெரியநாயகி மூன்று தாளையும் சேர்த்து மடித்துக் கவருக்குள் விட்டாள். கோந்து பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள், வரவில்லை, சுண்டு விரலை விட்டு எடுத்து ஓரத்தில் தடவினாள். மடக்கி அழுத்தினாள். “யுவஸ்ரீ, உன் கையைக் கொஞ்சம் இது மேல வை. ஒட்டுற வரைக்கும்.”

யுவஸ்ரீ இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள். கோந்தின் ஈரம் தாள் வழியாக வந்தது.

“போதும். கவுத்துப் போடு, அட்ரஸ் எழுதணும்,” என்றாள் பெரியநாயகி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யுவஸ்ரீ கவரைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தாள்.

நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பெரியநாயகி கவரைக் கைப்பையில் போட்டு, ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பி, கேட்டைத் தாண்டி ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். ஒரு சேத்தியாத்தோப்பு பஸ் குறுக்கே வந்து மறைத்தது. பஸ் போனபோது ஸ்கூட்டி இல்லை.